வகுப்பு டேப்லெட், ஹெட்போன்: 99% ஆல்கஹாலா, 70 போதுமா?

கேள்வி
30 டேப்லெட், 30 ஹெட்போன். தினமும் நாலு வகுப்புப் பிள்ளைகள் கை மாறுகிறது. நடுவில் கிடைப்பது 5 நிமிடம். 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் சரிதானே? ஹெட்போன் ஸ்பாஞ்சுக்கு என்ன வழி?

பதில் 1
99 வேண்டாம், 70 வாங்குங்கள். கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் வேண்டும்; 99 அதற்குள் ஆவியாகிவிடும். திரையில் நேராக அடித்தால் ஸ்பீக்கர் ஓட்டை, சார்ஜிங் போர்ட் வழியாக உள்ளே இறங்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியைச் சொட்டாத அளவுக்கு நனைத்துத் துடையுங்கள். லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்கணும். விரல் பிசுக்கு இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிசுக்கின் மேல் மருந்து வீண்.

ஒரே துணியால் முப்பதையும் துடைத்தால் கிருமியைப் பந்தி பரிமாறுகிற கதைதான். துணியை இரண்டு முறை மடித்தால் 8 முகம் கிடைக்கும். முகத்துக்கு ஒரு டேப்லெட், பிறகு புதுத் துணி.

பதில் 2
ஸ்பாஞ்சைத் துடைத்துப் பயனில்லை, வியர்வையை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். ரெக்ஸின் உறை போட்ட காதுமெத்தைக்கு மாறுங்கள்; தையல் ஓரத்தையும் மைக்கையும் விடாமல் துடைக்கணும். பேன் பயம் பெரிதாக வேண்டாம், அது பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போது பரவுவது.

பதில் 3
5 நிமிடத்தில் முப்பதையும் ஒருவர் ஒழுங்காகத் துடைக்க முடியாது. பிள்ளைகளின் கையைக் கவனியுங்கள்: டேப்லெட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டு 20 நொடி. சானிடைசர் என்றால் கை காய்ந்த பிறகே திரை. இல்லாவிட்டால் பிசுபிசுப்பு படியும்.

வகுப்பில் யாராவது வாந்தி எடுத்தால் கணக்கே வேறு. வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹாலும் சானிடைசரும் சரியாகப் பிடிக்காது. மேசை, தரைக்கு ப்ளீச்: 5% கரைசல் 20 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர், ஏறத்தாழ 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு). அதோடு ஆல்கஹாலைக் கலக்கவே கூடாது. திரையில் ப்ளீச் பட்டால் எண்ணெய் ஒட்டாத பூச்சு போய்விடும். வாந்தி பட்ட டேப்லெட்டைத் தனியே எடுத்து வையுங்கள், சிலிகோன் கவரைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள்.

கேள்வி கேட்டவர்
புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூவி பெட்டி?

பதில் 1
ஒளி படாத இடத்தில் வேலை செய்யாது. கவர் ஓரமும் பட்டன் இடுக்கும் நிழலிலேயே நிற்கும். அந்தக் காசுக்குத் துணி வாங்குங்கள்.