திருநெல்வேலி அல்வாவை நிதானமாகச் சாப்பிட வழி சொல்லுங்க

கால் கிலோ அல்வா வீட்டுக்கு வந்தால் ஒரே நாளில் காலி. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த பண்டம்; மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கடலை மிட்டாய் என்றால் பல்லாவது தடுக்கும்.

20 கிராம் துண்டுகளாக வெட்டி, பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றினால் பிரிக்கிற நேரத்தில் கை கொஞ்சம் யோசிக்கிறது. சின்ன ஸ்பூனால் நுனி நுனியாக எடுத்து நாக்கில் கரைய விடுவதும் பரவாயில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் சரிப்படவில்லை: நெய் உறைந்து ரப்பர் மாதிரி ஆகிறது, குளிர்ச்சியில் இனிப்பு மங்குவதால் இன்னொரு துண்டு கேட்கிறது. கூடவே மிக்சர் இருந்தால் போச்சு! காரம், இனிப்பு, மறுபடி காரம் என்று கை நிற்காது.

இரண்டாவது துண்டோடு நிறுத்த வேறு என்ன செய்யலாம்? சர்க்கரை போடாத சுக்குக் காபி யாருக்காவது பலித்திருக்கிறதா?