நாய் ஜிம்மி ஏன் தரையில் தேய்க்கிறான்? – எங்கள் குடும்பக் குழுவில்

சித்தி: வீடியோ பார்த்தீர்களா? நேற்றிலிருந்து ஜிம்மி உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறான்.

பெரியம்மா: வயிற்றுப் பூச்சிதான். வேப்பிலை அரைத்துக் கொடு.

மாமா: அதட்டி வை. இல்லையென்றால் பழகிவிடும்.

நான்: அதட்ட வேண்டாம் மாமா, பாவம். அங்கே அரிப்போ வலியோ இருந்தால்தான் நாய் இப்படிச் செய்யும். சித்தி, அவன் படுத்த இடத்தில் மீன் வாடை வருகிறதா?

சித்தி: ஆமாம்! சோபா முழுக்க. குளிப்பாட்டியும் போகவில்லை.

நான்: அப்படியானால் பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பிதான். ஆசனவாயின் இரண்டு பக்கமும் தோலுக்கு உள்ளே சின்னப் பை மாதிரி ஒன்று எல்லா நாய்க்கும் இருக்கிறது. அதில் ஊறும் திரவத்துக்குத்தான் அந்த வாடை. மலம் கெட்டியாக இருந்தால், போகும்போதே பை அழுந்தித் திரவம் வெளியேறிவிடும். இளகிப் போனால் அழுத்தம் போதாது, உள்ளேயே தேங்கிவிடும். அவனுக்கு இளகிப் போகிறதா?

சித்தி: கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தாத்தா தினமும் பால் சோறு வைக்கிறார்.

தாத்தா: வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான், எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

நான்: புரிகிறது தாத்தா. ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, வயிறு இளகும். பாலை நிறுத்திவிட்டு, வேகவைத்த பரங்கிக்காயைக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து வையுங்கள். நார்ச்சத்து மலத்தைக் கெட்டியாக்கும்.

அண்ணன்: அந்தப் பையைப் பிதுக்கி எடுப்பதை யூடியூபில் காட்டுகிறார்கள். நானே செய்துவிடவா?

நான்: வேண்டாம் அண்ணா. சீழ் வைத்திருந்தால் அழுத்தும்போது உள்ளேயே உடைந்துவிடலாம். டாக்டர் கையுறை போட்டு விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார். தேவையில்லாமல் அடிக்கடி பிதுக்கினாலும் புண்ணாகும்.

பெரியம்மா: அப்போது பூச்சி இல்லை என்கிறாயா?

நான்: அதையும் தள்ளிவிட முடியாது பெரியம்மா. வாலடியிலோ மலத்திலோ அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் நாடாப்புழு. நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் பெரும்பாலும் அது வருகிறது. அதனால் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது, தெள்ளையும் ஒழிக்க வேண்டும். மாத்திரை எடைக்குத் தகுந்த அளவு. வேப்பிலையை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

நான்: சித்தி, வாலைத் தூக்கிப் பாருங்கள். பொமரேனியன் முடியில் எதுவும் தெரியாது, நன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும்.

சித்தி: வெள்ளையாக எதுவும் இல்லை. இடது பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. தொட்டால் உறுமுகிறான்.

நான்: அப்படியானால் இன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். விட்டால் கட்டியாகி உடைந்து சீழும் ரத்தமும் வரும். அதுவரை நக்க விடாதீர்கள்.

மாமா: நான் கார் எடுத்து வருகிறேன், தயாராக இருங்கள்.

சித்தி: வந்துவிட்டோம். இடது பக்கம் அடைத்துக் கெட்டியாக இருந்ததாம். டாக்டர் எடுத்துச் சுத்தம் செய்து ஊசி போட்டார். மாத்திரையும், நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பும் கொடுத்திருக்கிறார். இப்போது தூங்குகிறான்.

நான்: அப்பாடா. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள் சித்தி. வயிறு சரியான பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் தோல் அலர்ஜி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதனாலும் இப்படி வரும்.

தாத்தா: பரங்கிக்காய் வாங்கியாயிற்று. உப்பு, வெங்காயம் போடலாமா?

நான்: இரண்டுமே வேண்டாம் தாத்தா. வெங்காயம் நாய்க்கு விஷம், ரத்த அணுக்களையே உடைத்துவிடும். வெறும் தண்ணீரில் வேகவைத்து, வேளைக்கு ஒரு ஸ்பூன்.