கென்வொர்த் கிட்: பத்துச் சக்கரத்தில் ஒரு ஜோடி தரையைத் தொடவில்லை

ராசிபுரத்தான்

வணக்கம். ஆறு வாரமாக 1/25 அளவில் கென்வொர்த் டபிள்யூ-925 என்ற அமெரிக்க லாரியின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் இரண்டு கார், ஒரு விமானம் செய்திருக்கிறேன். லாரி இதுதான் முதல். நான் செய்த கார்களில் சேஸிஸ் ஒரே வார்ப்பாக வந்தது. இதில் நிஜ வண்டி மாதிரியே நீளச் சட்டம் இரண்டு, நடுவில் அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்கள் (குறுக்குச் சட்டங்கள்), கீழே ஸ்பிரிங், ஹவுசிங் (சக்கர அச்சின் கூடு), ஜாயிண்ட் ஷாஃப்ட் என்று எல்லாமே தனித்தனி. இந்தக் கிட்டை எடுத்ததே அதற்காகத்தான்.

அப்பா 31 வருஷம் லாரி ஓட்டியவர். அவர் ஓட்டிய மூக்கு வைத்த டாடா வண்டிக்கு முதலில் கிட் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. மூக்கு வண்டி என்றாலே அவருக்குப் பிரியம் என்பதால் இதை வரவழைத்தேன். தை மாதம் அவருக்கு எழுபது முடிகிறது. அன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சேஸிஸ் முழுவதையும் ஒரே ராத்திரியில் சூப்பர் குளூ வைத்து ஒட்டிவிட்டேன். நேற்று சக்கரங்களை மாட்டி மேசையில் வைத்தால், பின்னால் இடது பக்கக் கடைசி ஜோடி அந்தரத்தில் நிற்கிறது. அடியில் ஏ.டி.எம். கார்டு இரண்டு நுழைகிறது, ஒன்றரை மில்லி இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தால் அப்பா முதலில் குனிந்து டயரைத்தான் பார்ப்பார். இப்படியே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சேஸிஸைச் சூடு காட்டி வளைக்கலாமா? அல்லது பிரிக்க வழி இருக்கிறதா?

மடிப்பாக்கம் மாடலர்

ஒட்டி முடித்த சேஸிஸில் சூடு காட்டாதீர்கள். பாலிஸ்டைரீன் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் தளர ஆரம்பிக்கும். அப்போது சட்டம் வளைவதற்கு முன்னால் மெல்லிய ஸ்பிரிங் பட்டைகள்தான் போகும்.

நீங்கள் சூப்பர் குளூ போட்டது இந்த இடத்தில் உதவுகிறது. அது பிளாஸ்டிக்கை உருக்காது, நடுவில் படலமாக இறுகி நிற்கும், அவ்வளவுதான். குளிரில் அந்தப் படலம் நொறுங்கும் தன்மைக்கு வரும். கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் எடுத்த உடனே ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய பிளேடை நுழைத்து லேசாகத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

மறுபடி ஒட்டும்போது பிளாஸ்டிக் மாடல் சிமெண்ட் என்ற பசையை வாங்குங்கள். தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய ரகம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து பிரஷ் நுனியை ஓரத்தில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். இரண்டு பக்கமும் லேசாக உருகி ஒன்றாகிவிடும். இறுகும்வரை சில நிமிஷம் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சேஸிஸுக்கு அந்த அவகாசம் கண்டிப்பாக வேண்டும்.

பாடி பட்டறை நாமக்கல்

தம்பி, நான் மாடல் செய்கிறவன் இல்லை. பாடி கட்டும் பட்டறையில் 22 வருஷமாக இருக்கிறேன். என் பையன்தான் இதைக் காட்டினான். கேள்வி எங்கள் கேள்வி மாதிரியே இருந்ததால் எழுதுகிறேன்.

பிரிப்பதற்கு முன்னால் நோய் எங்கே என்று பாருங்கள். சேஸிஸில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று கோணல்: மேலிருந்து பார்த்தால் ஒரு சட்டம் முன்னால் போய், இன்னொன்று பின்னால் தங்கியிருக்கும். இன்னொன்று முறுக்கு: மேலிருந்து நேராகத்தான் தெரியும், ஆனால் ஒரு மூலை மட்டும் தூக்கியிருக்கும். சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது என்றால் முறுக்காக இருக்கலாம், இல்லை என்றால் ஹவுசிங் உட்கார்ந்த விதம் தப்பாக இருக்கலாம்.

சக்கரம், ஹவுசிங், ஸ்பிரிங் எல்லாம் கழன்ற பிறகு வெறும் சேஸிஸைக் கவிழ்த்து, சட்டத்தின் மேல்பக்கம் படும்படி, தடித்த கண்ணாடி மேல் வையுங்கள். கிரானைட் கடையில் வெட்டிப் போட்ட துண்டு இன்னும் நல்லது. நான்கு மூலையையும் விரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு. ஆடாமல் உட்கார்ந்தால் சேஸிஸ் மேல் குற்றம் இல்லை. ஸ்பிரிங் பிடி இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோணலுக்கு மூலைக்கு மூலை அளக்க வேண்டும். முன் இடது மூலையிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது. இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். நாங்கள் டேப் பிடித்துப் பார்ப்பதும் அதேதான். சின்னது என்று விடாதீர்கள். உங்கள் அளவில் ஒரு மில்லி என்றால் நிஜ வண்டியில் 25 மில்லி, கிட்டத்தட்ட ஒரு இஞ்சு. ஒரு இஞ்சு கோணலோடு எந்த வண்டியையும் நாங்கள் பட்டறைக்கு வெளியே விடமாட்டோம்.

ஒட்டும்போது முதலில் முன் கடைசி, பின் கடைசி கிராஸ் மெம்பர் இரண்டை மட்டும் வையுங்கள். அளந்து, கனம் ஏற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். நடுவில் வருவதெல்லாம் அப்புறம். ஹவுசிங்கை ஒட்டி, பசை இறுகுவதற்கு முன்னாலேயே சக்கரத்தைச் சொருகி, வண்டியைக் கல் மேல் நிறுத்திக் காயவிடுங்கள். தரைதான் மட்டம் சொல்லும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

ஸ்காபரோ சிவா

பட்டறை அண்ணா வடிவாகச் சொல்லிவிட்டார். நான் இங்கே கனடாவில் டிரக் ஓடுகிறேன், மாடலும் செய்கிறேன். அளக்கிறதுக்கு ஒரு கணக்கு தருகிறேன். அமெரிக்க கனரக டிரக்குகளில் சட்டத்தின் வெளி அகலம் வழக்கமாக 34 அங்குலம். 25-ஆல் பிரித்தால் 34.5 மில்லிமீற்றர். முன்னுக்கும் பின்னுக்கும் அது ஒரே மாதிரி வருதா என்று பாருங்கோ.

இன்னும் இரண்டு விஷயம். குரோம் பூசின பாகத்தில் மாடல் சிமெண்ட் பிடிக்காது. ஒட்டுற இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கோ. முழுக்கக் கழற்ற வேணும் என்றால் வீட்டு பிளீச்சில் ஊறப் போடலாம். ஆனால் அந்தத் தண்ணியோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்துவிடாதீங்கோ, குளோரின் வாயு வரும். மற்றது, டயர் மெல்லிய வினைலாக இருந்தால் அதிலுள்ள எண்ணெய்த்தன்மை வருஷக்கணக்கில் ரிம்மைத் தின்னும். ரிம்முக்கு வர்ணம் அடித்து நன்றாகக் காயவிட்டு, டயர் படுகிற இடத்தில் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிப் போடுங்கோ. அப்பாவின் அலுமாரியில் கனகாலம் இருக்க வேணுமே.

ராசிபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஃப்ரீசர் வேலை செய்தது. ஒன்பது இணைப்பில் எட்டு சுத்தமாக விட்டது. ஒன்றில் மட்டும் சட்டத்தின் ஓரம் பெயர்ந்தது, புட்டி வைத்துத் தேய்த்துவிட்டேன். பிரிக்கும் முன் அளந்ததில் முன் அகலம் 34.5, பின் அகலம் 35.5. மூலைக்கு மூலை வித்தியாசம் அரை மில்லி. கல் மேல் வைத்தபோது நன்றாகவே ஆடியது. முறுக்குதான் அண்ணா, நீங்கள் சொன்னபடியே. கடைசி கிராஸ் மெம்பரை வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் மிஞ்சிய காம்பு சரியாகத் தேயாமல் துருத்திக்கொண்டிருந்தது. அது ஒரு சட்டத்தைத் தள்ளி, தூக்கியும் விட்டிருக்கிறது. அதை அரம் போட்டுத் தேய்த்தேன்.

இப்போது முன்னும் பின்னும் 34.5. இரண்டு ஹவுசிங்கையும் சக்கரத்தோடு கல் மேல் நிறுத்தி, மேலே அப்பாவின் பழைய ஸ்பேனர் ஒன்றைக் கனத்துக்கு வைத்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து ஒவ்வொரு டயருக்கும் அடியில் செருகிப் பார்த்தேன். பத்திலும் நுழையவில்லை.

வெளியே மழை விடாமல் பெய்கிறது. வெயில் வரட்டும், அப்புறம்தான் பிரைமர்.