சுற்றளவு குறையவில்லை, அப்புறம் ஏன் கால் நிற்கவில்லை?

தையல்காரர் மகன், அருப்புக்கோட்டை:
அப்பாவுக்கு 61 வயது. ஆடியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஐந்து மாதம் ஆகிறது. சுவரைப் பிடித்து நடக்கிறார். ஆனால் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை. நாற்பது வருடம் தைத்தவர். போன ஞாயிறு இஞ்ச் டேப்பை எடுத்து, இடது கையாலேயே தன் கெண்டைக்கால் இரண்டையும் அளந்தார். இரண்டுமே 13 இஞ்ச். "சதை அப்படியேதானடா இருக்கு, ஏன் நிக்க மாட்டேங்குது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் தைலம் தேய்த்து நீவிவிடுகிறோம், கஞ்சி கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

பிசியோ:
தம்பி, அப்பா அளந்ததில் தப்பில்லை. டேப் சுற்றளவைத்தான் சொல்லும். புழக்கம் குறைந்த காலில் தசை நார்கள் மெலிந்து, அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும். தொங்கப்போட்டே இருந்தால் நீரும் கோத்துக்கொள்ளும். அதனால் பருமன் குறையாமலே பலம் போய்விடும். போதாததற்கு மூளையிலிருந்து வரும் உத்தரவும் பல நார்களைச் சரியாக எட்டுவதில்லை.

நீவிவிடுவது இதமாக இருக்கும், தசையை வளர்க்காது. பாரம் ஏறினால்தான் வளரும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே தலையணை வைத்து உயர்த்துங்கள். எழும்போது வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் நல்ல காலே எல்லா எடையையும் வாங்கிக்கொள்ளும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நீங்கள் வலப்பக்கம் நில்லுங்கள். பழகியதும் தலையணையை எடுத்துவிடலாம். இனி டேப் வேண்டாம், எத்தனை தடவை எழுந்தார் என்று எழுதி வையுங்கள்.

கஞ்சி மட்டும் போதாது. எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமாவது தினமும் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், சுண்டல், பயறு என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மதுரை அக்கா:
தம்பி, எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் தூக்கினேன். தோள் மூட்டு இறங்கி, அந்த வலியில் ஒரு மாதம் பயிற்சியே நின்றுபோனது. இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக, வலியாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தையல்காரர் மகன்:
மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் நாள் இரண்டு தடவை, அதுவும் நான் துண்டைப் பிடித்து. இப்போது தலையணை இல்லாமல் ஆறு. ஆறாவதில் முழங்கால் நடுங்குகிறது, உட்காரச் சொன்னால் கோபம் வருகிறது. இன்னொன்று கேட்க வேண்டும். மிஷின் பெடலில் வலது காலையும் வைத்து மிதித்துப் பார்க்கிறார். நாலு மிதிக்குள் குதிகால் தூக்கிக்கொள்கிறது. மிதிக்க விடலாமா சார்?

பிசியோ:
தாராளமாக. அவர் கால் பழகிய வேலைதானே. பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், ஊசி ஓடாது. இரண்டு பாதமும் முழுதாகப் பதியட்டும். குதிகால் தூக்கினால் நிறுத்தி, பாதத்தைப் பதித்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

தையல்காரர் மகன்:
பத்து நாளாக அப்படித்தான் செய்கிறார். இருபது மிதி வரை குதிகால் நிற்கிறது. நேற்று சாயங்காலம் பெல்ட்டை மாட்டச் சொன்னார்.