1970களின் செங்கோட்டை பாசஞ்சர்: இந்த மெரூன் சரியா?

கடனாநதி:
மாடல் ரயில் செய்கிறேன். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87), தண்டவாள இடைவெளி 12 மி.மீ. திருநெல்வேலி–செங்கோட்டை மீட்டர் கேஜ், வருஷம் 1975. ஒய்பி (மீட்டர் கேஜ் நீராவி) இன்ஜின் ஒன்று, 3டி பிரிண்ட் பெட்டி நாலு. கூடவே திருச்செந்தூர் கிளைக்காகப் பாளையங்கோட்டை ஸ்டேஷனும். மூன்று சிக்கல்:
1. பழைய போட்டோ பிரிண்டைப் பார்த்துக் கலந்த மெரூன் ரோஸ் பக்கம் போய்விட்டது.
2. மேலே அடித்த என்.சி. கிளியர் (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) பால் மாதிரி வெளுத்துவிட்டது.
3. டெண்டருக்கு (இன்ஜின் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) ‘எஸ்ஐஆர்’, பெட்டிக்கு மூன்றாம் வகுப்பைக் குறிக்கும் ‘III’ என்று டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) வந்திருக்கிறது. ஒட்டலாமா?

பொருநை_மீட்டர்:
மூன்றாவதை முதலில் பார்ப்போம் அண்ணாச்சி. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை, எழுத்து தப்பினால் வருஷமே தப்பிவிடும். எஸ்ஐஆர், அதாவது சவுத் இந்தியன் ரயில்வே, 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது. ஒய்பி இன்ஜின்கள் பெருமளவில் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த டீகால் குப்பைக்கு.

‘III’ விஷயத்தில் தப்பிக்க வழி இருக்கிறது. மூன்றாம் வகுப்பை எடுத்தது 1974-ல். வருஷத்தை 1973 ஆக்கிவிட்டால் டீகாலும் பிழைக்கும். 1975-லேயே நிற்பதென்றால் ஒரு கோட்டை வெட்டி ‘II’ ஆக்குங்கள்.

பாளையங்கோட்டை போர்டையும் கவனியுங்கள். தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல். அதற்கு முந்தைய போர்டில் ‘ளை’ இன்றைய இரட்டைச் சுழிக் கொம்போடு இருக்காது, துதிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய வடிவம்தான். இன்றைய கம்ப்யூட்டர் எழுத்துருவில் அச்சடித்து ஒட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். செங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் போர்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

கரிப்புகை:
மெரூனுக்கு வருகிறேன். பழைய கலர் பிரிண்டில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், படம் முழுக்கச் சிவப்பேறும். அதே படத்தில் ஸ்டேஷன் போர்டு இருக்கிறதா பாருங்கள். அந்த மஞ்சள் ஆரஞ்சாகத் தெரிந்தால் மெரூனும் அதே அளவு பொய் சொல்கிறது. போர்டு சரியான மஞ்சளாக வரும்வரை கம்ப்யூட்டரில் திருத்திவிட்டு, அப்புறம் பெட்டியைப் பாருங்கள்.

இன்னொரு காரணம், வெளுப்பாக்க வெள்ளை சேர்த்திருப்பீர்கள். மெரூனில் வெள்ளை விழுந்தால் ரோஸ்தான். டமியா கம்பெனி அக்ரிலிக் பெயிண்டில் எக்ஸ்எஃப்-9 (கருஞ்சிவப்பு) எட்டு பங்கு, எக்ஸ்எஃப்-7 (சிவப்பு) ஒரு பங்கு, எக்ஸ்எஃப்-57 (வெளிர் பழுப்பு) ஒரு பங்கு கலந்து பாருங்கள். கடைசியாகச் சொன்ன பழுப்பு, ரோஸாக்காமல் வெளுக்கும். அதே கம்பெனியின் எக்ஸ்-20ஏ தின்னர் சரிபாதி, ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. நாசில், காற்றழுத்தம் 15–18 பிஎஸ்ஐ. முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்து, காய்ந்தபின் வெயிலில் ஒருமுறை, லேஅவுட் விளக்கில் ஒருமுறை பாருங்கள்.

இன்ஜினுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், பொம்மை மாதிரி இருக்கும். எக்ஸ்எஃப்-69 (சற்று வெளிறிய கறுப்பு) போதும். புகைப்பெட்டி மங்கலாக, பாய்லரில் லேசான எண்ணெய் மினுக்கம், பஃபர் பீம் (இன்ஜின் முன்பக்கக் குறுக்குச் சட்டம்) சிவப்பு.

சாரல்_சீசன்:
வெளுப்புக்குப் பெயர் ‘பிளஷிங்’. என்.சி. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். குற்றாலச் சீசனில் தென்காசிப் பக்கம் சாரலடிக்கும்போது கிளியர் அடித்தால் இதுதான் நடக்கும். பிரித்துச் சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில், பதினோரு மணிக்கு மேல், ரிட்டார்டர் தின்னரை (மெதுவாகக் காயவைக்கும் தின்னர்) மட்டும் பனிபோல ஒருமுறை தூவுங்கள். பூச்சு இளகி ஈரம் வெளியேறினால் தெளிந்துவிடும். ஓடும்படி அடித்தால் அடியிலிருக்கும் அக்ரிலிக் சுருங்கும்.

சித்திரை வெயிலில் நேர்மாறு. பெயிண்ட் போய்ச் சேருமுன் காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும். அப்போது ரிட்டார்டர் சில துளி, தூரம் 10 செ.மீ.

ஒரு எச்சரிக்கை: உங்கள் 3டி பிரிண்ட் பெட்டி ரெசின் என்பதால் என்.சி. தாங்கியது. அச்சில் வார்த்த பாலிஸ்டைரீன் உடலில் அடித்தால் இளகி வெடித்துவிடும்.

கடனாநதி:
1973-க்கே மாற்றிவிடுகிறேன். டீகால் விளிம்பு வெள்ளியாக மினுங்குகிறதே? திருச்செந்தூர் பக்கத்துச் சிவப்புத் தேரி மண்ணைச் சலித்துச் சக்கரத்துக்குத் தூசியாகப் பூசலாமா?

கரிப்புகை:
மினுங்குவது அடியில் மாட்டிய காற்று. மேட் (மினுக்கமில்லாத) பரப்பில் ஒட்டியிருப்பீர்கள். முதலில் கிளாஸ் (பளபளப்புப் பூச்சு) அடித்து ஒருநாள் காயவிட்டு ஒட்டுங்கள், மேலே மைக்ரோ சால் (டீகாலை இளக்கிப் படியவைக்கும் திரவம்). கடைசியில்தான் மேட். ஒட்டியதைக் காப்பாற்ற ஊசியால் குத்தி, மறுபடி மைக்ரோ சால் வையுங்கள்.

பொருநை_மீட்டர்:
தேரி மண் வேண்டவே வேண்டாம். அதில் இல்மனைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கும். சலித்த மண்ணுக்குள் காந்தத்தை விட்டுப் பாருங்கள், கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அதேதான் மோட்டார் காந்தத்திலும் போய் அப்பும், பல்சக்கரத்தையும் தேய்க்கும். செங்காவி சாக்பீஸை உரசி, அந்தப் பொடியைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுங்கள். அதுவும் அம்பாசமுத்திரம் வயற்காட்டு வழியே ஓடும் வண்டிக்கு அத்தனை சிவப்பு எதற்கு, பாதிக்குப் பாதி சாம்பல் சேருங்கள்.