ரிங்குக்குக் கீழே ஸ்பீக்கர் எதற்கு? சயான் பில்டிங்கில் ஒரு பஞ்சாயத்து

சயான் அண்ணாச்சி:

மும்பையில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. கோர்ட் என்று சொல்வதே அதிகம், சிமெண்ட் தரை, ஒரு பக்கம் மட்டும் ரிங், அதிலும் வலை கிடையாது. சாயங்காலம் ஆறு மணியானால் பதினைந்து இருபது பையன்கள் சேர்ந்துவிடுவார்கள், மூணுக்கு மூணு ஆட்டம், தோற்ற டீம் வெளியே, ஜெயித்த டீம் நிற்கும். அதுவரைக்கும் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் வாட்ச்மேன் கேபினிலிருந்து வயர் இழுத்து ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்து ராப் போடுகிறார்கள், போன மாதத்திலிருந்து ஒருத்தன் மைக் வேறு பிடித்துக் கத்துகிறான். "பந்து ஆடப் பாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் கமிட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

என் பையனைக் கேட்டால், "அப்பா, ஹிப்-ஹாப் இல்லாமல் தெரு பாஸ்கெட்பால் கிடையாது, ரெண்டும் ஒண்ணு" என்கிறான். நான் நாங்குநேரிப் பக்கம், கபடி ஆடி வளர்ந்தவன், எனக்கு இது புரியவில்லை. நிஜமாகவே ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை பயல் கதை விடுகிறானா? அவன் சார்பாகப் பேசப் போவது நான்தான், அதனால் கேட்கிறேன்.

மைக்செட் மணி:

அண்ணாச்சி, பையன் கதை விடவில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் 155-வது தெருவில் ரக்கர் பார்க் என்று ஒரு மைதானம். ஹோல்கோம்ப் ரக்கர் என்ற பூங்காத் துறை ஊழியர் அந்த வட்டாரப் பையன்களுக்காகப் போட்டி நடத்தினார், படிப்பை விட்டவனுக்கு ஆட்டம் இல்லை என்பது அவர் கொள்கை (இதை மீட்டிங்கில் முதலில் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்). வில்ட் சேம்பர்லைன், கரீம் அப்துல் ஜப்பார், ஜூலியஸ் எர்விங் என்று பெரிய கைகளெல்லாம் அவர் தொடங்கிய போட்டிக்கு வந்து தெருப் பையன்களோடு மோதியவர்கள்தான். மரத்து மேலும் மொட்டை மாடியிலும் ஏறி நின்று ஜனம் பார்க்குமாம். அப்போது ஹிப்-ஹாப் (ராப், டிஜே, பிரேக் டான்ஸ் எல்லாம் சேர்ந்தது) என்ற ஒன்றே கிடையாது.

அது பிறந்தது 1973 ஆகஸ்ட் 11, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராங்ஸில், கூல் ஹெர்க் என்ற டிஜே தன் தங்கைக்காக நடத்திய ஒரு பார்ட்டியில். அப்புறம் அது பூங்காவுக்கு வந்தது. பூங்கா என்றால் அங்கே பெரும்பாலும் பாஸ்கெட்பால் கோர்ட்தான், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்து ஸ்பீக்கர் கட்டுவார்கள், நம் ஊர்க் கொடைக்குக் கொக்கி போடுகிற மாதிரி. பகலில் பந்து, இரவில் பாட்டு, இரண்டுக்கும் ஒரே தரை, ஒரே பையன்கள்.

1982-இல் டிஸ்கோ ஃபோர் என்ற ராப் குழுவைச் சேர்ந்த கிரெக் மாரியஸ் என்பவர் இன்னொரு ராப் குழுவோடு பாஸ்கெட்பால் ஆடிப் பார்த்ததில் தொடங்கியதுதான் 'என்டர்டெய்னர்ஸ் பாஸ்கெட்பால் கிளாசிக்' என்ற போட்டி. பிற்பாடு அது ரக்கர் பார்க்குக்கே வந்து சேர்ந்தது. ராப்பர்கள் சொந்த டீம் வைத்துக்கொண்டார்கள். 2003-இல் ஜே-ஸீ டீமுக்கும் ஃபேட் ஜோ டீமுக்கும் பைனல், ஊரே காத்திருக்க, ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கே இருளில் மூழ்கியதே, அன்றைக்குத்தான் அந்த மேட்ச். கரண்ட் போய் ஆட்டமே ரத்து.

இதில் உங்களுக்குப் புரியக்கூடிய விஷயம் மைக். அங்கே ஆட்டம் நடக்கும்போதே ஒருவர் கோர்ட்டுக்குள் மைக்கோடு நடப்பார். எவன் நன்றாக ஆடுகிறானோ அவனுக்கு அங்கேயே பட்டப்பெயர் வைப்பார், தடுமாறினால் மானத்தை வாங்குவார். உங்கள் ஊர் கபடியில் "பாடிப் போகிறார் பாருங்கள் பனங்காட்டு நரி!" என்று மைக்கில் ஒருவர் சொல்ல, ஆடுகிறவனுக்கு இல்லாத வேகம் வருமே, அதேதான். ராப்பருக்கும் மேடைப்பெயர், ஆட்டக்காரனுக்கும் மைதானப்பெயர். ரேஃபர் ஆல்ஸ்டன் என்ற ஒருவர் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்பிஏவில் பத்து வருஷத்துக்கு மேல் ஆடினார், 2009-இல் பைனல் வரை போனார், ஆனால் தெருவில் அவர் இன்றைக்கும் 'ஸ்கிப் டு மை லூ'தான். அவருடைய தெரு ஆட்ட வீடியோவை எடுத்துத்தான் ஒரு ஷூ கம்பெனி பின்னணியில் ஹிப்-ஹாப் இசை வைத்து 1990-களின் கடைசியில் டேப்பாக விட்டது. உங்கள் பையன்கள் போடுகிற காலுக்கு இடையில் பந்து விடும் வேலையெல்லாம் உலகம் முழுக்கப் பரவியது அந்த டேப்புகளால்தான் என்பேன்.

பைகுல்லா பெரியவர்:

மணி தம்பி சொன்ன அமெரிக்கக் கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதே மும்பையில் நாக்பாடாவை விட்டுவிட்டீர்களே.

நாங்கள் எழுபதுகளில் பைகுல்லாவில் குடியிருந்தோம், அப்பாவுக்கு ரயில்வே. நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ் என்று அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் 1920-களில் தொடங்கிய இடம் ஒன்று உண்டு, பிற்பாடு டாடா சமூகப்பணிக் கல்லூரிக்கும் முதல் இயக்குநர் அவர்தான். அந்த வட்டாரத்தில் பாஸ்கெட்பால் அப்படி ஒட்டிக்கொண்டது. நெருக்கடியான சால்களிலிருந்து (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள பழைய கட்டடங்கள்) வந்த பையன்கள் இந்தியாவுக்கு ஆடினார்கள். அப்பாஸ் முன்தசிர், இந்திய அணிக் கேப்டன், 1970-இல் அர்ஜுனா விருது வாங்கியவர், நாக்பாடாக்காரர். ஆட்டத்தை வைத்து ரயில்வேயிலும் பேங்கிலும் வேலை வாங்கினவர்கள் அங்கே நிறைய.

அங்கே ஸ்பீக்கர் எங்கே இருந்தது? மைதானத்தைச் சுற்றி நிற்கிற ஜனமே மைக்தான். தப்பான பாஸ் கொடுத்தால் மேல்மாடி ஜன்னலிலிருந்து திட்டு விழும், மறுநாள் டீக்கடை வரைக்கும் தொடரும். இப்போதைய பையன்கள் பாட்டுக்குத் தகுந்த மாதிரி பந்தைத் தட்டித் தட்டி நிற்கிறார்களே தவிர பாஸ் கொடுப்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். சத்தத்தை விடுங்கள், பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

90 அடி ரோடு:

பெரியவரே, பாஸ் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி.

தாராவிப் பையனாக ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு ஹிப்-ஹாப் பாஸ்கெட்பால் வழியாக வரவில்லை, கோர்ட்டுக்கு ஏது இடம்? கால் வைக்கிற அளவு தரை போதும் என்பதால் முதலில் பிரேக் டான்ஸ் வந்தது, அப்புறம் ராப். எங்கள் டோபடெலிக்ஸ் குழு ஹிந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் பாடுகிறது, ரஜினியின் 'காலா' பாட்டிலேயே அவர்கள் குரல் இருக்கிறது. அதனால் ரெண்டும் ஒண்ணு என்று தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசு இல்லாதவனுக்குக் கிடைத்த இடத்தில் எது முளைக்குமோ அது முளைக்கிறது, நியூயார்க்கில் ரெண்டும் ஒரே சிமெண்ட் தரையில் முளைத்தது.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். புகார் எப்போது ஆரம்பித்தது? இங்கிலீஷ் ராப் போட்டபோதா, ஹிந்தி, தமிழ் ராப் போட ஆரம்பித்த பிறகா? எங்கள் சாலில் இப்படித்தான் நடந்தது. இங்கிலீஷில் அம்மா அக்காவெல்லாம் இழுத்துத் திட்டினபோது ஒரு பாட்டியும் ஒன்றும் சொல்லவில்லை, தலையாட்டிக்கொண்டு பூண்டு உரித்தார்கள். நம் பாஷையில் வந்ததும்தான் கலாசாரம் கெட்டுப்போனது.

ஓரமாக நிற்பவன்:

கமிட்டியில் சரித்திரம் எடுபடாது, விதி பேசுங்கள். உங்களிடம் இருப்பது அரைக் கோர்ட், ஒரு ரிங். சர்வதேச 3x3 ஆட்டத்துக்கு வேண்டியதும் அதுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள், பத்து நிமிஷம் அல்லது 21 பாயிண்ட், ஷாட் போட 12 விநாடி. அந்தப் போட்டிகளில் ஆட்டம் நடக்கும்போதே டிஜே பாட்டு ஓடும், மைக்கில் ஒருவர் பேசுவார். தெருவிலிருந்து எடுத்துக்கொண்டதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டு ஒலி மாசு விதி (2000) பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என்கிறது, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கியே கூடாது. 55 என்பது சாதாரணப் பேச்சுச் சத்தத்தை ஒட்டியது, கணபதி ஊர்வலம் அதை மதித்து நான் பார்த்ததில்லை, இருந்தாலும் எழுதிக் கொடுத்தவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள், சத்தம் மோதித் திரும்பி மேல்மாடிக்குத்தான் போகும். கோர்ட்டைப் பார்த்துத் தரையில் வையுங்கள், எட்டு மணிக்கு அணைத்துவிடுங்கள். மைக்கைக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

சயான் அண்ணாச்சி:

எல்லாருக்கும் நன்றி. மீட்டிங் முடிந்தது. 90 அடி ரோடு தம்பி, நீர் சொன்னதுதான் சரி, புகார் வந்த தேதியும் தமிழ் ராப் வந்த தேதியும் ஒன்றேதான். என் பையனைக் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான்.

கபடி மைக் கதையைச் சொன்னேன். செக்ரட்டரிக்குக் கோலாப்பூர்ப் பக்கம், அங்கே மல்யுத்தத்துக்கும் மைக்கில் இப்படித்தான் சொல்வார்களாம், அவரே ஐந்து நிமிஷம் அதைப் பற்றிப் பேசினார். ஆறிலிருந்து எட்டு வரை பாட்டு, கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது, எந்த பாஷையிலும், மைக் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்று எழுந்தால் டிரஷரர் கையைத் தூக்குகிறார், வாட்ச்மேன் கேபின் மீட்டரில் ஓடுகிற கரண்டுக்கு யார் பணம் கட்டுவது என்று. அதற்கு அடுத்த மீட்டிங்.

மணி தம்பி, அந்தத் தெருவிளக்குக் கதையைப் பையனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.