குடல் மூட்டுவாய், மூட்டுவாய்க் கசிவு: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

குடலின் நோயுற்ற பகுதியை வெட்டியகற்றி, எஞ்சிய இரு முனைகளையும் சேர்த்த இடத்தில் பின்னர் ஏற்படும் கசிவுக்குத் 'தையல் பிரிவு' என்ற சொல்லை, நோயாளர் கையேட்டுக்கான கலந்துரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். சொல் எளிமையானதுதான், ஆயினும் அதை நோயாளர் கையேட்டில் சேர்ப்பதற்கு நான் உடன்படவில்லை. திருகோணமலையில் எங்கள் வைத்தியசாலை விடுதியில் "தையல் விட்டுப்போச்சாம்" என்ற பேச்சு எழுந்தால், உறவினர்கள் வைத்தியரின் கையைக் குறை சொல்வார்கள், அல்லது நோயாளி எழுந்து நடந்ததைக் குறை சொல்வார்கள். உண்மையில் பல வேளைகளில் நூல் போட்டபடியே இருக்க, அது பற்றியிருக்கும் இழையமே குருதியின்றி நலிந்து வழிவிடுகிறது.

ஆகவே சேர்த்த இடத்துக்குக் 'குடல் மூட்டுவாய்', அங்கு நேரும் கசிவுக்கு 'மூட்டுவாய்க் கசிவு' என்பவற்றை முன்மொழிகிறேன். சாரத்தின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதை மூட்டுதல் என்றே சொல்கிறோம். 'மூட்டு' என்று மட்டும் விட்டால் முழங்கால்தான் நினைவுக்கு வரும் என்பதால் 'வாய்' தேவைப்படுகிறது.

மூட்டுவாயைத் தாங்குவது சீதமென்சவ்வின் (குடலின் உட்புறப் படலம்) கீழுள்ள படையிலிருக்கும் கொலாஜன் எனும் புரத நார்களாகும். முதல் மூன்று நான்கு நாட்களில் பழைய நார் சிதையும் வேகம் புதிய நார் உருவாகும் வேகத்தை விஞ்சுவதால், அந்நாட்களில் தையலே பெரும்பாலும் பாரத்தைச் சுமக்கிறது. மலக்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் 5 நாட்களில் 25 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), அல்லது ஐந்து கிழமையளவில் 45 முதல் 50.4 கிரே வரை கதிர் கொடுக்கப்படுவதுண்டு. அக்கதிர் குடற்சுவரின் நுண்ணிய நாடிகளின் உட்பூச்சைத் தடிக்கச் செய்து, குருதி செல்லும் வழியைக் குறுக்குகிறது; நார் நெய்யும் கலங்களையும் நலிவிக்கிறது; இம்மாற்றம் மாதங்கள், ஆண்டுகள் கடந்தும் தொடரக்கூடியது. சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றில் திறந்து பை பொருத்துவது, மூட்டுவாய் ஆறும்வரை மலம் அவ்வழியே செல்லாதிருக்கத்தான். "பை எதுக்கு, கட்டியை எடுத்தாச்சுத்தானே?" என்று கேட்கும் மூதூர் அம்மாவுக்கு இச்சொற்களைக் கொண்டு விடை சொல்ல முடிய வேண்டும்.

மூட்டுவாய் ஆறுவதைப் பாதிக்கக்கூடிய மருந்துகளுக்கு 'ஆறுதடை மருந்து' என்ற பொதுப்பெயரைச் சிலர் விரும்பினார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசொலோன் கொலாஜன் உருவாவதைக் குறைப்பது மெய்தான். ஆனால் நீண்டகாலம் அதை எடுத்தவர் 'தடை' என்ற சொல்லைக் கண்டு பயந்து திடீரென நிறுத்தினால், குருதியமுக்கம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். புற்றுநோய் மருந்தான பெவசிசுமாப் புதிய குருதிக்கலன்கள் முளைப்பதைத் தடுப்பதால், அதற்கும் திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கும் இடையே குறைந்தது 28 நாட்களேனும் விடுகிறார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளுக்கும் கசிவுக்கும் தொடர்புண்டு எனப் பல ஆய்வுகள் காட்டினாலும், எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே பெயரில் அடைப்பது சரியன்று; 'ஆறுவதைத் தாமதிக்கக்கூடிய மருந்துகள்' என்று நீட்டியே எழுதி, அருகில் 'வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்' என்று அச்சிடுவோம்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை பெற்று இங்கு சத்திரசிகிச்சைக்கு வருவோரின் கிளினிக் கொப்பியில், கதிர் முடிந்த திகதிக்கும் கடைசியாகப் புற்றுநோய் மருந்து ஏற்றிய திகதிக்கும் தனித்தனி நிரல் வேண்டும் என்பதையும் கையேட்டுக் குழு சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.